வலது கீழ் மூலை

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. கைக்கு வேலை இல்லாமல் முருங்கைக்கீரையை ஒவ்வொரு இலையாக ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு அந்த அழைப்பே பெரிதாக இருந்தது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

வந்திருந்தது ஒரு இயந்திரக் கை. விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லை அடியிலிருந்து ஏந்தி, வெற்றிடக் கலத்துக்குள் கொண்டுபோய், அதற்குரிய இடத்தில் அலுங்காமல் வைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. மனிதர் கை படவே வேண்டாம். இருபத்தெட்டு வருடம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு செய்த வேலையை அது அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

"மேடம், நீங்கல்லாம் அப்ப எதால பிடிச்சு வச்சீங்க?" என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் கேட்டாள்.

"ட்வீசராலதாம்மா."

"எங்க பிடிப்பீங்க?"

"வலது கீழ் மூலையில."

அவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். அந்த மூலையை நான் எப்படி மறப்பேன்? அங்கே நின்றுகொண்டு அதையெல்லாம் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பெயர் லூர்து மேரி. சொந்த ஊர் காரைக்கால். அப்பா மாதா கோவிலுக்குப் பின்னால் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத திருகுகளை எடுத்துக் கொடுப்பேன். பிறகு பாலிடெக்னிக், டிப்ளமோ, சென்னையில் வெற்றிடப் பம்புகளோடு இரண்டு வருடப் பயிற்சி. அதையெல்லாம் விரித்துச் சொன்னால் எனக்கே தூக்கம் வந்துவிடும். ஊரிலேயே ஒரு அறக்கட்டளை சின்னதாக ஆய்வுக்கூடம் தொடங்கியபோது தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டேன். நேர்முகத் தேர்வில் பேராசிரியர் தாமோதரன் பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு தட்டில் உப்பைக் கொட்டினார். ட்வீசரை நீட்டினார். "இதுல ஒரே ஒரு கல்ல மட்டும் எடுத்து இந்தப் பக்கம் வைங்க" என்றார். வைத்தேன். "எப்ப வந்து சேர்றீங்க?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு என் கையைப் பற்றிக் கர்வம் உண்டு. மறைத்துப் பயனில்லை. சமையலில் என்னைக் குறை சொல்லலாம், தாங்கிக்கொள்வேன். என் கை நடுங்குகிறது என்று யாராவது சொன்னால் அவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவேன்.

அங்கே என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சொல்லிப் பார்ப்பேன். பழைய டிவியின் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கம்பி சூடேறிச் சிவக்கும். அந்தச் சூட்டில்தான் எலக்ட்ரான்கள் வெளியே வரும். எக்ஸ்ரே எடுக்கும் குழாயிலும் அதே கதைதான். சூடு இல்லாமலே எலக்ட்ரானை வெளியே இழுக்கவும் ஒரு வழி உண்டு. கூரான முனையுள்ள ஒரு பொருளை வெற்றிடத்தில் வைத்து, எதிரே ஒரு தகட்டை நிறுத்தி, அதற்கு அதிக மின்னழுத்தம் கொடுத்தால், அந்த முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வரும். இதற்குப் புல உமிழ்வு என்று பெயர். முனை கூராகவும் உயரமாகவும் இருக்க இருக்க, குறைந்த மின்னழுத்தமே போதும். கார்பன் நானோகுழாயைவிடக் கூரான பொருளுக்கு எங்கே போவது? ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு மெலிசு. இதற்குள் சொந்தக்காரர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது. இந்தக் குழாய்கள் வைக்கோல் மாதிரி தாறுமாறாகப் படுத்துக் கிடந்தால் போதுமா, எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்க வேண்டுமா? எல்லா முனைகளும் எதிர்த் தகட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் எலக்ட்ரான் சுலபமாக வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதை அளந்து நிரூபிப்பது நித்யாவின் முனைவர் பட்ட ஆய்வு.

நித்யா நெடுங்காட்டுப் பெண். அப்பாவுக்கு விவசாயம். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே பேசிக்கொண்டே வருவாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளில் என் டப்பாவில் இருக்கும் மீன் அவளுடையது, அவள் டப்பாவில் இருக்கும் வத்தக்குழம்பு என்னுடையது. கூடப் பிறந்த தங்கை இல்லாத குறை எனக்கு அந்த மூன்று வருடம் தெரியவில்லை.

நிமிர்ந்து நிற்கும் குழாய்களை நாங்களே வளர்ப்போம். சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பூச்சு. அதை உலைக்குள் வைத்து, ஆர்கான் வாயுவில் சூடேற்றி, அசிட்டிலினைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து விடுவோம். இரும்பு சின்னச் சின்னத் துளிகளாக உருளும். ஒவ்வொரு துளியிலிருந்தும் ஒரு குழாய் முளைக்கும். நெருக்கமாக முளைப்பதால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நேராக எழும்பும். உலை ஆறிய பிறகு திறந்தால், சில்லின் மேல் கறுப்பு வெல்வெட் ஒட்டினாற்போல் இருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும். அதைத் தொடக்கூடாது, ஊதக்கூடாது, மேலே தும்மினால் அன்றைய பொழுது போச்சு.

படுத்துக் கிடக்கும் வகைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. குழாய்ப் பொடியைப் பசைபோலக் குழைத்துச் சில்லின் நடுவில் தடவிக் காயவைப்போம். சுற்றிலும் ஓரம் வெறுமையாக இருக்கும். அந்த வெற்று ஓரத்தில் ட்வீசரைப் போட்டுத் தூக்குவேன். வெல்வெட்டில் ஓரம் வரைக்கும் குழாய் முளைத்திருக்கும், வெற்று இடமே இருக்காது. எங்காவது ஒரு இடத்தில் பிடித்துத்தான் ஆக வேண்டும். கடிகாரக் கடைப் பழக்கம் எனக்கு. பொருளை மாற்றி மாற்றிப் பிடித்தால் நாலு இடத்தில் தழும்பு விழும், ஒரே இடத்தில் பிடித்தால் ஒரு தழும்போடு போகும். அதனால் வலது கீழ் மூலை. அரிசி மணியில் பாதி அளவு இடம். ஒவ்வொரு வெல்வெட் சில்லையும் அங்கேதான் பிடித்தேன், இரண்டரை வருடமும்.

கலத்தில் சில்லை வைத்து, எதிரே உலோகத் தகட்டை நிறுத்தி, மூடி, பம்பை ஓட விட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டும். காரைக்கால் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் வெற்றிடம் வருவதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வரும். பிறகு மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவோம். ஒவ்வொரு படியிலும் நின்று, மீட்டர் முள் அடங்கும் வரை பார்த்திருந்து, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று நோட்டில் குறிப்போம். நான் வாசிப்பேன், நித்யா எழுதுவாள்.

வெல்வெட் சில்லுகள் கொஞ்ச மின்னழுத்தத்திலேயே கொடுக்க ஆரம்பித்துவிடும். படுத்துக் கிடப்பவை முக்கி முனகித்தான் கொடுக்கும். எந்த மாதம் வளர்த்த வெல்வெட்டை வைத்தாலும் வரைபடத்தில் கோடு அதே இடத்தில் விழும். "லூர்து அக்கா வச்சா கோடு ஆடாது" என்று மற்ற மாணவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகவே படாது. பட்டம் வாங்கினதுபோல் இருக்கும்.

பேராசிரியர் தாமோதரனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மாணவர்கள் உட்பட எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மேலே உள்ள தலைப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்பார். தலைப்பில் எழுதியிருப்பதைத்தான் நாம் வரைபடத்தில் பார்ப்போமாம். முதல் வருடம் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு நானே வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீதைக்கூடப் பாதியை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வருடம் ஆனி மாதம். நித்யாவின் ஆய்வேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆவணி பிறப்பதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சான்றைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பேராசிரியர் எல்லா அத்தியாயங்களையும் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எவ்வளவு வருதுன்னு காட்டிட்டீங்க. எங்கேருந்து வருதுன்னு ஒரு படம் வேணுமே."

உலோகத் தகட்டுக்குப் பதிலாக, எலக்ட்ரான் பட்டால் பச்சையாக ஒளிரும் பூச்சுப் பூசிய கண்ணாடியை எதிரே வைத்தால் போதும். அதைத்தான் ஸ்கிரீன் என்போம். சில்லின் எந்தெந்த இடம் எலக்ட்ரானைக் கொடுக்கிறதோ, அதற்கு நேராகக் கண்ணாடி ஒளிரும். முழுச் சில்லும் கொடுத்தால் முழுச் சதுரமும் பச்சையாகத் தெரியும். அட்டைப்படத்துக்கே போடலாம் என்று நித்யா சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு முந்தின நாள் அவளே கண்ணாடியை மாட்டி, கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டுச் சோதித்தாள். நான் பக்கத்து அறையில் உலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

"ஒண்ணும் தெரியலக்கா. ஸ்கிரீன் சரியில்ல போலருக்கு. லீவு முடிஞ்சு வந்து பாக்குறேன்."

"சரி, நீ கிளம்பு. வீட்ல எல்லாரும் மாங்கனி பாக்க வருவாங்கல்ல" என்றேன்.

பம்பை நிறுத்தக்கூடாது என்பதால் விடுமுறையிலும் ஒரு ஆள் இருக்க வேண்டும். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. மாங்கனிக்கு நான் இருப்பேன். மாதா திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் இருப்பார்கள். அன்று காலையிலேயே தெருவில் கூட்டம். பிச்சாண்டவர் ஊர்வலத்து மேளம் பம்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறவர்களும் அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறவர்களும் போடும் கூச்சல் வேறு. எனக்குப் பொழுது போகவில்லை. அந்தப் பெண் திரும்பி வருவதற்குள் கண்ணாடியைச் சரிபார்த்து வைத்தால் அவளுக்கு ஒரு நாள் மிச்சமாகுமே என்று திரைகளை இழுத்துவிட்டு மின்னழுத்தத்தை ஏற்றினேன்.

கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. பச்சை தெரிந்தது. ஆனால் சதுரம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் ஒரு சின்னப் புள்ளிக் கூட்டம், பளிச்சென்று. மற்ற இடமெல்லாம் இருட்டு.

கண்ணாடிப் பூச்சு மற்ற இடத்தில் உதிர்ந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். கலத்தைத் திறந்து சில்லை மட்டும் கால் சுற்றுத் திருப்பி வைத்து, திரும்பவும் அரை நாள் பம்பு ஓடவிட்டேன். மாலையில் பார்த்தால் ஒளியும் கால் சுற்றுத் திரும்பியிருந்தது. கண்ணாடியில் குறை இல்லை, சில்லில்தான் இருக்கிறது. வெளியே எடுத்து உருப்பெருக்கியில் வைத்தேன். வலது கீழ் மூலையில், அரிசி மணியில் பாதி அளவு இடத்தில், வெல்வெட் நசுங்கியிருந்தது. நசுங்கின இடத்தின் விளிம்பில் கொத்துக் கொத்தாகக் குழாய்கள் பிய்ந்து, மற்றவற்றைவிட உயரமாகத் தூக்கிக்கொண்டு நின்றன. என் ட்வீசர் பிடித்த இடம்.

அதுவரைக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்காக நாங்கள் வெளியூருக்கு அனுப்பிய சில்லுகளில் எல்லாம் நடுப்பகுதியைத்தான் படம் எடுத்தார்கள். மூலையை யார் பார்ப்பார்கள்? மறுநாள் புதிய சில்லு ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே இடது மேல் மூலையில் பிடித்து வைத்தேன். மத்தியானம் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். இடது மேல் மூலை ஒளிர்ந்தது.

அப்போது எனக்கு வந்த அழுகையை என்ன சொல்ல. இரண்டரை வருடமாக நாங்கள் அளந்தது நிமிர்ந்து நிற்கும் குழாய்களை இல்லை. என் கை கிளப்பிவிட்ட நாலு குழாய்களை. நான் கொஞ்சம் கவனமில்லாதவளாக, இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று பிடித்திருந்தால், அழுத்தமும் மாறியிருக்கும், கோடுகளும் ஆடியிருக்கும், பேராசிரியர் முதல் மாதத்திலேயே கேட்டிருப்பார். ஒரே இடம், ஒரே அழுத்தம், ஒரே கோடு. எந்தக் கையை மெச்சிக்கொண்டு திரிந்தேனோ அதுதான் அந்தப் பெண்ணின் ஆய்வைக் கெடுத்திருந்தது.

லீவு முடிந்து நித்யா வந்தாள். பையில் மாம்பழம் இருந்தது. எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஸ்கிரீன் ஏதாச்சும் பாத்தீங்களாக்கா?"

"இன்னும் பாக்கல" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அன்று முழுக்க அந்தப் பொய்யோடு நடமாடினேன். யாருக்குத் தெரியப்போகிறது? அந்தப் படம் இல்லாமலே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், கண்ணாடி சரியில்லை என்றால் பேராசிரியர் விட்டுவிடுவார். அவள் வேலைக்குப் போய்விடுவாள். அவள் அப்பா முகம் கோணாது. என் பெயரும் தப்பிக்கும். இந்தக் கடைசிக் காரணம் மனதில் வந்தபோதுதான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. மறுநாள் காலையில் பேராசிரியர் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாத்தீங்கங்கறத மட்டும் சொன்னீங்க. நல்லது" என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "இன்னும் ஒண்ணு பாக்கணும் லூர்தும்மா. எதாலயும் பிடிக்காம ஒரு சில்ல வைக்க முடியுமா?"

"மெல்லிசான பிளேட அடியில விட்டு ஏந்திடலாம் சார்."

"நித்யாவையும் கூப்பிடுங்க. அவங்க முன்னாலயே பாப்போம்."

அன்று மத்தியானம் மூன்று பேரும் இருட்டறையில் நின்றோம். நான் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினேன். வழக்கமாக வெல்வெட் கொடுக்க ஆரம்பிக்கும் அளவு வந்தது, கண்ணாடி இருட்டாகவே இருந்தது. அதற்கு மேலும் ஏற்றினேன். இருட்டு. படுத்துக் கிடப்பவை கொடுக்கும் அளவை நெருங்கியபோதுதான் சில்லின் விளிம்புகளில் மட்டும் மங்கலாகப் பச்சை தெரிந்தது. நடுவில் கடைசிவரை ஒன்றும் இல்லை. நான் மின்னழுத்தத்தை இறக்கினேன். யாரும் திரையை விலக்கவில்லை.

"என் கைதான் நித்யா. மூலையில பிடிச்சுப் பிடிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். வெளியே போய்விட்டாள்.

ஆவணி பிறந்தது. அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. நித்யா ஆய்வைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். ஆனால் என்னோடு பேச்சு நின்றுவிட்டது. "ஆர்கான் தீந்துடுச்சுக்கா", "பம்பு எண்ணெய் மாத்தணும்க்கா", இப்படி வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும். சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய்விடுவாள். சில்லுகளை என்னைத் தொடவிடவில்லை. தானே பிளேடால் ஏந்தி வைத்தாள். அவள் கை நடுங்கும், சில்லு விழும், திரும்பவும் எடுப்பாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் பட்ட கஷ்டத்தில் அந்த நாலைந்து மாதத்துக்கு ஈடு கிடையாது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட வீட்டில் சொன்னேன்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றைத்தான் செய்தேன். இரும்புப் பூச்சுப் போடும்போதே சில்லின் நாலு பக்கமும் கொஞ்சம் இடத்தை மறைத்துவிட்டுப் பூசினால், அங்கே குழாய் முளைக்காது. படுத்துக் கிடக்கும் வகையைப் போலவே வெற்று ஓரம் கிடைக்கும், ட்வீசரால் அங்கே பிடிக்கலாம். அந்த மறைப்புத் தகட்டை நானே வெட்டி, அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து அவள் அதைப் பயன்படுத்தினாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆய்வு என்னவோ முன்பைவிட நன்றாக வந்தது. நிமிர்ந்து நின்றால் மட்டும் போதாது என்று தெரிந்தது. வெல்வெட் மாதிரி நெருக்கமாக நின்றால் ஒரு குழாய் மற்றதற்கு மின்புலம் எட்டவிடாமல் மறைத்துவிடுகிறது. நுனி கூராக இருந்தும் பயனில்லை. அடர்த்தியைக் குறைத்து, குழாய்களின் உயரத்தைப்போல் இரண்டு பங்கு இடைவெளி விட்டு வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொடுக்கிறது. வெளிநாடுகளில் பலர் முன்பே எழுதியிருந்ததுதான், நாங்கள் நம்பத்தான் தவறியிருந்தோம். பேராசிரியர் அந்தப் புதிய வரைபடத்தின் தலைப்பை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "நெடுங்காட்டுலேருந்து வந்துட்டு இதுக்கு இத்தன நாளா நித்யா? நாத்தங்கால்லயே விட்டுட்டா கதிர் வாங்குமா, பிடுங்கி எட்ட எட்ட நட்டாத்தானே?" என்றார். அவள் அப்போது சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை.

வாய்மொழித் தேர்வு நன்றாக முடிந்தது. ஆய்வேட்டில் அந்த மூலைப் படத்தையும் சேர்த்திருந்தாள், ட்வீசர் தழும்பு என்று குறிப்பும் போட்டு. அடுத்த வருடம் வேறொரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போனாள். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வாழ்த்து, அதோடு சரி.

எட்டு மாதத்துக்கு முன் என் பணி நிறைவு விழாவுக்கு அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் உலை அறையில் உட்காரவைத்தாள்.

"அக்கா, மாங்கனிக்கு முந்தின நாளு ஸ்கிரீன் சரியில்லன்னு சொல்லிட்டுப் போனேன்ல?"

"ஆமா."

"ஸ்கிரீன் சரியாத்தான் இருந்துச்சு. மூலைய நானும் பாத்துட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"பாத்ததும் என்னன்னு தெரிஞ்சுபோச்சுக்கா. நீங்க எங்க பிடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஸ்விட்ச அணைச்சுட்டு, ஒண்ணும் தெரியலன்னு நோட்டுல எழுதிட்டுப் போயிட்டேன். மாங்கனி அன்னைக்கு ஒரு பழம் நேரா என் கையில வந்து விழுந்துச்சு. எங்கம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் சாமிகிட்ட என்ன வேண்டுனேன் தெரியுமா? லூர்தக்கா அதப் போட்டுப் பாக்கக்கூடாதுன்னு."

அவள் உலையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"திரும்பி வந்து கேட்டேன். இன்னும் பாக்கலன்னு சொன்னீங்க. உங்க மொகத்தப் பாத்ததுமே நீங்களும் பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு. எனக்காக மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? மறுநாளு சார்கிட்ட போயிச் சொல்லிட்டீங்க."

"அதான் அத்தன மாசம் பேசலையா? வேல போன கோபம்னுல்ல நெனச்சேன்."

"வேல போனது அப்புறம்க்கா. என் ஆராய்ச்சி அது. நான் பாத்தத நான் சொல்லல, நீங்க சொல்லிட்டீங்க. உங்க மொகத்தப் பாத்தாலே எனக்கு அது ஞாபகம் வரும். அதான் சாப்பாட்டுக்குக்கூட நூலகத்துக்குப் போனேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அடிப் பாவி, எல்லாம் என் கையாலதான் போச்சுன்னு நான் எத்தன நாளு அழுதேன் தெரியுமா?" என்று கத்தியேவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு நாள் நானும் மறைத்தவள்தான். அதுவும் அவளுக்காக மட்டும் இல்லை, என் பெயருக்காகவும் என்று அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு வெளியே யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனோம்.

இதை எழுத உட்காருமுன் நித்யாவுக்கு ஃபோன் செய்தேன். அவள் இப்போது ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டி. எழுதப்போகிறேன், உன் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் வகுப்பறைப் பிள்ளைகளின் பேச்சு கேட்டது.

"எங்கிட்ட படிக்கிற புள்ளைங்கல்லாம் படிக்குமாக்கா?" என்றாள்.

"படிக்கும்."

"அப்பன்னா மாத்தாதீங்க. நித்யான்னே போடுங்க."

போட்டிருக்கிறேன்.